முதலில் எழுத்துருவைப் பாருங்கள், அப்புறம் ஜிப் பண்ணுங்கள்

மறுபடியும் எனக்கு ஒரு மரப்படம் வந்திருக்கிறது: இரண்டு ஊர்த் தமிழ்க் கோப்புகளை ஒட்டி ஜிப்பால் சுருக்கி, எவ்வளவு நன்றாகச் சுருங்குகின்றனவோ அவ்வளவு நெருக்கம் என்று கணக்கிட்டு வரைந்த படம். பர்மாவின் ரங்கூன் தமிழ் ஒரு கிளையில், மோல்மீன் தமிழ் எங்கோ எதிர்க் கிளையில். "ஜிப் பண்ணிப் பார்த்தேன் சார், நம்ம தமிழ் இரண்டாகப் பிரிந்துவிட்டது" என்று குறிப்பு வேறு. கோப்புகளைத் திறந்தால், ரங்கூன் சங்க மலர் யூனிகோடில், மோல்மீன் கோயில் மலர் பழைய பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் எழுத்துரு). பிரிந்தது எழுத்துரு, தம்பி.

முறையில் குறை இல்லை. 2002இல் பெனடெட்டோ, காலியோட்டி, லொரெட்டோ மூவரும் 50க்கும் மேற்பட்ட மொழிகளை ஜிஜிப் என்ற சுருக்கு நிரலால் ஒப்பிட்டு மொழிக் குடும்ப மரமே வரைந்தார்கள். ஆனால் எல்லா மொழியிலும் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே உரை: உலக மனித உரிமைப் பிரகடனம். ஓரூரின் கும்பாபிஷேக அழைப்பிதழையும் இன்னோரூரின் ஆண்டறிக்கையையும் ஒட்டிப் பார்த்து ஊர்த்தமிழைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஜிப்புக்குப் படிக்கத் தெரியாது. முன்பு வந்த பைட்டு வரிசை மறுபடி வருகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 'அம்மா' என்பது யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டு. பாமினியில் வெறும் 5, அதுவும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஒரு பைட்டுகூடப் பொருந்தாது. திரையில் இரண்டும் ஒரே 'அம்மா'. பர்மாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஸாவ்ஜி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பர்மிய வரி யூனிகோடில் குழம்பித் தெரிவதைப் பார்க்காதவர் இங்கே யார்? 2019 அக்டோபர் 1இல் நாடே அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது அந்தத் தொல்லையால்தானே!

சரி, எல்லாம் யூனிகோடு என்றாலும் 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகும், இரண்டாகவும் பதிவாகும். ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ரோமன் எழுத்தில் தட்டிய தமிழைத் தனியே வையுங்கள். விளம்பரம், பக்க எண், நன்கொடையாளர் பட்டியல் எல்லாவற்றையும் நீக்குங்கள். கோப்புகளை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வெட்டுங்கள்.

நாவலை அப்படியே ஜிஜிப்பில் போடாதீர்கள். அதன் நினைவு 32 கிலோபைட்டு. தமிழில் அது 11,000 குறிகளுக்கும் குறைவு. இரண்டாம் நூலுக்கு வரும்போது முதல் நூலின் தொடக்கம் அதற்கு மறந்திருக்கும். பெரிய கோப்புக்கு, இன்னும் நிறைய நினைவில் வைக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரல் இருக்கிறது.

கடைசியாக, ஒரு கோப்பை அதனோடே ஒட்டிச் சுருக்கி, தூரத்தை, அதாவது இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற எண்ணைக் கணக்கிடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் மரம் வரைய உட்காராதீர்கள். எனக்கு அனுப்புவதானால் தயவுசெய்து அந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், படத்துக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.