கல்வி வாரியம்: 'ஸ்டேட் போர்டு' என்று எழுதினால் பொருள் ஏன் மாறிவிடுகிறது?

அமெரிக்காவில் ஓர் ஆசிரியர் 'ஸ்டேட் போர்டு ஆஃப் எஜுகேஷன்' தேர்தலில் நிற்கிறார் என்ற செய்தியைத் தமிழில் எழுதும்போது பலரும் 'ஸ்டேட் போர்டு' என்று அப்படியே போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு ஸ்டேட் போர்டு என்றால் பாடத்திட்டம். "உங்க பையன் ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா?" என்று கேட்டால் புத்தகமும் பொதுத்தேர்வும் மார்க்கும்தான் நினைவுக்கு வரும். அதில் ஓர் இடத்துக்கு ஒருவர் ஓட்டுக் கேட்டு வருவார் என்று தோன்ற வழியே இல்லை, ஏனென்றால் இங்கே பாடத்திட்டம் தயாரிப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், பொதுத்தேர்வு நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். இரண்டும் அரசு அமைப்புகள், எதற்கும் வாக்குச்சீட்டு கிடையாது.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் 'ஸ்டேட் போர்டு ஆஃப் எஜுகேஷன்' என்பது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு. டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். அங்கே 15 பேர், ஆளுக்கொரு தொகுதி, 4 ஆண்டுப் பதவிக்காலம், கட்சி சார்ந்த தேர்தல், சம்பளம் கிடையாது. 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 2 கோடியே 91 லட்சம் என்பதால் ஒரு தொகுதிக்குக் கிட்டத்தட்ட 19 லட்சம் பேர் வருகிறார்கள், அதாவது வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கீழவைக்குப் போகும் ஓர் உறுப்பினரின் தொகுதியைவிடப் பெரியது. அப்படியும் பெரும்பாலான வாக்காளர்களுக்கு இந்தப் பதவியில் இருப்பவர் பெயர் தெரியாது. எந்த வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதையும், எந்தப் பாடநூலை மாநிலம் அங்கீகரிக்கும் என்பதையும் முடிவுசெய்வது இவர்கள்தான்.

முடிவுசெய்பவர்கள் ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2007 முதல் 2009 வரை டெக்சாஸ் வாரியத்தின் தலைவராக இருந்த டான் மெக்லராய் ஒரு பல் மருத்துவர். பரிணாமக் கொள்கையை எப்படிக் கற்பிப்பது என்ற சண்டையில் அவர் பெயர் நாடு முழுக்க அடிபட்டது, 2010இல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். கேன்சஸில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. அங்கே 10 பேர் கொண்ட வாரியம் 1999இல் பாடத்தரத்திலிருந்து (மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று மாநிலம் வகுப்பது) பரிணாமத்தின் பெரும்பகுதியை நீக்கியது, 2000 தேர்தலில் ஆள் மாற, 2001இல் பரிணாமம் திரும்ப வந்தது. 2005இல் மறுபடி பரிணாமத்துக்கு எதிரான தரம், 2006இல் மறுபடி தேர்தல், 2007இல் மறுபடி பரிணாமம் திரும்பியது. உயிரியல் ஆசிரியர் வகுப்பில் எதைச் சொல்லலாம் என்பது நவம்பர் மாத வாக்குச்சீட்டில் முடிவாகிறது. அதனால்தான் வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய ஒருவர் அந்தத் தேர்தலில் இறங்குவது எனக்கு முக்கியமான செய்தியாகப் படுகிறது. அதை ஒரு பாடத்திட்டத்தின் பெயரால் மூடிவிடக் கூடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'போர்டு' பழைய ஆங்கிலத்தில் வெறும் பலகை. பலகை மேசையானது, மேசையில் பரிமாறும் சாப்பாடானது (போர்டிங் ஸ்கூலில் இருப்பது அந்தச் சாப்பாட்டுப் பொருள்தான்), 16ஆம் நூற்றாண்டு வாக்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசிக்கும் ஆட்களையும் குறிக்க ஆரம்பித்தது. தமிழுக்கு வந்தபோது எல்லாப் பொருளும் கலந்து வந்தது. பஸ்ஸின் நெற்றியில் இருப்பதும் போர்டு, கேரம் ஆடுவதும் போர்டு, 1786இல் சென்னையில் அமைந்த ரெவின்யூ போர்டும் போர்டு. இதில் நாம் மறந்துவிட்ட ஒன்று ஜில்லா போர்டு. சென்னை மாகாணத்தில் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள் உட்கார்ந்த அமைப்பு அது, உயர்நிலைப் பள்ளிகளையும் நடத்தியது. 'போர்டு ஹைஸ்கூல்' என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் இருப்பீர்கள். 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்த பிறகு ஜில்லா போர்டுகள் மறைந்தன, அதோடு பள்ளிக்கூடத்துக்கும் போர்டு தேர்தலுக்கும் இருந்த தொடர்பும் நம் பேச்சிலிருந்து போய்விட்டது.

இதற்குத் தமிழ் 'வாரியம்'. மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று அரசு அலுவலகப் பெயராகவே பழகிவிட்டதால் பலர் இதை அரசு மொழிபெயர்ப்பாளர் உண்டாக்கிய சொல் என்று நினைக்கிறார்கள். இல்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில், பொ.ஆ. 919லும் 921லும், இந்தச் சொல் தெளிவாக நிற்கிறது: ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர (ஆண்டு) வாரியம், பொன் வாரியம். வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பொருளில் சந்தேகம் இல்லை. வாரியம் என்றால் மேற்பார்வை, மேல்விசாரணை. கல்வெட்டு 'வாரியம் செய்தல்' என்று சொல்கிறது, உறுப்பினர்களை 'வாரியப் பெருமக்கள்' என்கிறது. செய்கிற வேலையின் பெயரே செய்கிற குழுவுக்கும் ஆகியிருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொண்டவர்கள் ஏரி வாரியம், அவ்வளவுதான்.

ஆட்களை எடுத்த விதத்தை அந்தக் கல்வெட்டு நுணுக்கமாகச் சொல்கிறது. ஊர் 30 குடும்பாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டி, குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவிடக் கூடாதே! வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். ஏற்கெனவே வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இல்லை. தகுதிகளில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராகவே வருகிறது: வேதம் தெரிந்திருந்தால் போதாது, 'ஓதுவித்து அறிவான்' ஆக இருக்க வேண்டும், அதாவது பிறருக்குக் கற்பித்துப் பழகியவராக. கற்பித்தவரை வாரியத்துக்கு எடுப்பது என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை வைத்து அது இன்றைய மக்களாட்சி என்று சொல்லிவிட முடியாது. அது ஒரு பிராமண ஊர்ச்சபை, நிலமும் சொந்த வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டும் இடம், முடிவு திருவுளச் சீட்டில். ஆனாலும் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு காலவரைக்கு உட்பட்டு ஒரு பொதுவேலையைப் பார்ப்பது என்ற பொருள் இந்தச் சொல்லில் பிறவியிலேயே இருக்கிறது. அரசு நிறுவனப் பெயராக மட்டும் வாரியத்தைப் பார்ப்பதுதான் பிற்காலப் பழக்கம். அதனால் 'மாநிலக் கல்வி வாரியம்' என்று தயங்காமல் எழுதலாம்.

அதே செய்தியில் இன்னும் சில சொற்கள் இடறும். 'சீட்டுக்குப் போட்டி' என்று எழுதினால், நம்மூரில் சீட் என்பது கட்சி கொடுப்பது, தேர்தலுக்கு முன்பே கிடைப்பது. 'உறுப்பினர் பதவிக்குப் போட்டி' என்பதே சரி. 'வேட்பாளர்' நல்ல சொல், வேட்பு என்றால் விருப்பம். இதற்கு முன் பத்திரிகைகள் எழுதிவந்த 'அபேட்சகர்' என்ற வடசொல்லுக்கும் விரும்புபவர் என்றுதான் பொருள். அப்புறம் 'எஜுகேட்டர்'. எடுத்தவுடன் 'கல்வியாளர்' என்று போடுகிறார்கள். தமிழில் கல்வியாளர் என்றால் துணைவேந்தராக இருந்தவர், கல்விக் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்பவர் என்றுதான் மனதில் வரும். அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பு டீச்சரும் தன்னை எஜுகேட்டர் என்றே சொல்லிக்கொள்வார். அவர் ஆசிரியர் என்றால் ஆசிரியர் என்றே எழுதுங்கள், தலைமையாசிரியர் என்றால் அப்படி. வாக்காளருக்கு அவர் சொல்லிக்கொள்வதும் அந்த அனுபவத்தைத்தானே.

இலங்கையில் மின்சார சபை என்பார்கள், சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பார்கள். அங்கெல்லாம் போர்டுக்கு வேறு சொல் வழங்குவதால் இலங்கை வாசகருக்குக் 'கல்விச் சபை' என்று எழுதுவதில் தப்பில்லை.

எழுதும் முன் எந்த மாநிலம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் கல்வி வாரிய உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார். நியூயார்க்கில் ரீஜண்டுகள் என்று பெயர், மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் அப்படி ஒரு வாரியமே கிடையாது. அங்கெல்லாம் மக்களிடம் ஓட்டுக் கேட்கும் கல்விப் பதவி என்றால் அது ஊர் அளவிலான பள்ளி வாரியமாகவோ, விஸ்கான்சினில் உள்ளதுபோல மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் பதவியாகவோ இருக்கும்.