ஃபேர் கொர்தக்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

அயர்லாந்து கிராமத்துப் பஞ்சக் கதைகள்ல வர்ற வார்த்தை இது. ஐரிஷ் மொழில ஃபேர்னா புல்லு, கொர்தான்னா பசி, பஞ்சத்துக்கும் அதே வார்த்தைதான், 1845ல உருளைக்கிழங்குச் செடி கருகி ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆட்டிப்படைச்சு பத்து லட்சம் பேரைக் கொண்டுபோன பஞ்சத்துக்குப் பேரே 'அன் கொர்தா மோர்', பெரும்பஞ்சம். கொர்தக் அதோட பெயரடை.

பாக்க சாதாரண புல்லு. ஆனா பசில யாரோ விழுந்து செத்த இடத்துல முளைச்சதாம், தெரியாம கால் வெச்சுட்டா அப்பதான் வயிறு முட்ட சாப்பிட்டு வந்திருந்தாலும் திடீர்னு கொலப்பசி எடுத்து கை கால் வெலவெலத்து அங்கயே உக்காந்துடுவாங்களாம். நம்மூர்ல 'எதையோ மிதிச்சுட்டு வந்துட்டான்'னு சொல்வோம்ல, அதே கதை. வைத்தியம் ஒரு வாய் ரொட்டி, அவ்ளோதான், அதுக்காகவே அந்தக் காலத்துல மலைப்பக்கம் போறவங்க பாக்கெட்ல ஒரு துண்டு ஓட்ஸ் ரொட்டி போட்டுட்டுப் போவாங்க.

புல்லையும் பஞ்சத்தையும் சேத்துச் சொல்ற இன்னொரு கதைக்கு அயர்லாந்தோட மேயோ மாவட்டத்துக்குப் போகணும். 1849 மார்ச் கடைசில லூயிஸ்பர்க்ல நிவாரணம் கேட்டு நின்ன நூத்துக்கணக்கான ஜனங்கள, அதிகாரிங்க டெல்ஃபி லாட்ஜ்ங்கற பங்களால இருக்காங்க அங்க வந்து தலையக் காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க, டூலாக் ஏரி ஓரமா குளிர்ல பன்னெண்டு மைல் கிட்ட நடை, போனா அங்கயும் ஒண்ணும் இல்ல. திரும்புற வழில செத்தவங்க எத்தனை பேருன்னு பேப்பர்ல வந்த கணக்கும் ஊர் சொல்ற கணக்கும் இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகல. பிணங்களோட வாயில புல்லு இருந்துச்சுன்னு அந்தப் பக்கம் சொல்வாங்க.

ஒரு குழப்பம் இருக்கு. ஐரிஷ்ல எழுதும்போது எழுத்து மேல போடுற சின்ன கோடு விட்டுப்போனா ஃபேர் 'ஃபார்' ஆயிடும், ஃபார்னா ஆம்பள. ஃபார் கொர்தக் எலும்பும் தோலுமா பிச்சை கேட்டு வர்ற ஆவி, போட்டவங்களுக்கு நல்லது செய்யுமாம். ரெண்டையும் ஒண்ணா எழுதிடுறாங்க.

சரி, தமிழ்ல? 'பஞ்சப்புல்' எனக்கு ஒட்டல, மிதிச்சவனுக்கு வர்றது பஞ்சமா என்ன, பசிதானே. 'பசித்த புல்' நேர் மொழிபெயர்ப்பு, ஆனா புல்லுக்கே பசிங்கற மாதிரி மட்டும் நின்னுடுது. 'பசிப்புல்'னு சேத்து எழுதினா பசிக்கிற புல்லு, பசி தர்ற புல்லு ரெண்டுமே வந்துடும், என் ஓட்டு இதுக்குத்தான். அந்த ஆவிக்கு வேணா 'பசியாண்டி'ன்னு வெச்சுக்கலாம்.