ஷோ முடிந்து மூணு நாள் காதில் 'கொய்ங்' என்று கேட்டதா?

காது பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், "சத்தமான இடத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் நாற்பது வயதுக்காரர் "இல்லையே" என்பார். ஃபேக்டரி கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது. ஆனால் அவருடைய ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கி, 8000-இல் மறுபடி மேலே ஏறியிருக்கும். பலத்த சத்தம் காதைத் தாக்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வைக்கும் பள்ளம் அது. அதனால் இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: "காலேஜ் நாட்களில் ராக் ஷோக்களுக்குப் போவீங்களா?"

அவ்வளவுதான், ஆளே மாறிவிடுவார். 2007 மார்ச், பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் பேண்ட், அவர்களுக்கு முன்னால் நம்ம டெல்லி பேண்ட் பரிக்ரமா. அடுத்த வருஷம் அதே ஊரில் மெகாடெத், மெஷின் ஹெட். 2009-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் விழாவில் ஓபெத். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி மறுபடி பெங்களூருவில் மெட்டாலிகா. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்கவேண்டியது ரத்தானதால், பெங்களூருவிலும் நடக்குமா நடக்காதா என்று அடித்துக்கொண்ட மனசு. எந்த பேண்ட் முதலில் ஏறியது, எந்தப் பாட்டில் ஆரம்பித்தார்கள், யார் யாருடன் ரயிலேறிப் போனோம், எல்லாம் வரிசையாக வரும். கடைசியில், "ஸ்பீக்கருக்கு நேர் முன்னாடி, பேரிகேடைப் பிடிச்சுட்டு நின்னோம் மேடம். மூணு நாள் காதுல கொய்ங்னு இருந்துச்சு!" என்று சிரிப்பார்கள், பெருமையாக.

நான் பேனாவை எடுப்பது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

உள்காதில், நத்தை ஓடு போன்ற காக்லியாவுக்குள், ஒலியை நரம்புக்கு மாற்றிக்கொடுக்கும் முடி செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு. செத்தால் மறுபடி முளைக்காது. மூன்று மணி நேரம் பலத்த சத்தத்தில் நின்றால் அவை களைத்துப் போகும். காது அடைத்த மாதிரி இருப்பதும், 'கொய்ங்' சத்தமும் அப்போதுதான். ஓரிரு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால், செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே இருக்கும் இணைப்புகள் அறுந்துபோனாலும் ஆடியோகிராம் பழையபடி நார்மலாக வரலாம் என்று 2009-இல் வெளியான குஜாவா, லிபர்மன் ஆய்வு எலிகளிடம் காட்டியது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. எனக்கென்னவோ, "அமைதியான ரூம்ல நல்லா கேக்குது, ஹோட்டல்ல நாலு பேர் பேசினா ஒண்ணும் புரியலை" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

சத்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் (NIOSH) நிறுவனம் 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். மேடைக்குப் பக்கத்தில் 100-ஐத் தாண்டுவது ராக் ஷோவில் சாதாரணம். மெயின் பேண்ட் ஏறுவதற்கு முன்பே, ஓப்பனிங் பேண்டிலேயே அன்றைய கோட்டா தீர்ந்துவிடும். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 'தி ஹூ' என்ற ராக் பேண்ட் வாசித்தபோது 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது, கின்னஸ் சாதனையாகவும் ஏறியது. காதைக் கெடுத்துக்கொள்ளும் போட்டியை ஊக்குவிக்க வேண்டாம் என்று கின்னஸ் பின்னாளில் அந்தப் பிரிவையே கைவிட்டது. அந்த பேண்டின் கிடாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கேட்காமல் போனதையும் ஓயாத இரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். ஏசி/டிசி பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் டூரைப் பாதியில் நிறுத்தியதும் காதுக்காகத்தான்.

நம் ஊரில் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன, இடத்தின் எல்லையில் இவ்வளவு டெசிபல்தான் என்கின்றன. அதெல்லாம் பக்கத்துத் தெருக்காரருக்கு. டிக்கெட் வாங்கி உள்ளே நிற்பவர் காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்குச் சராசரி 100 டெசிபல் என்று உச்சவரம்பு பரிந்துரைத்தது. நடத்துகிறவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு.

ஷோவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பஞ்சை மட்டும் நம்பாதீர்கள். அது பேருக்குத்தான் தடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் போதும், ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு "வேலைக்கே ஆகலை" என்கிறார்கள். விரல்களால் உருட்டி ஊசி போல மெல்லிசாக்குங்கள். இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிஷம் விரலால் பிடியுங்கள். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். கிடார் சத்தம் மழுங்குகிறது என்று குறைப்படுகிறவர்கள் ஃபில்டர் வைத்த இசைக்கலைஞர் பிளக் வாங்கலாம். விலை அதிகம், ஆனால் எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நிற்க நல்ல இடம் சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் பகுதி. அவர் அங்கே கேட்டுத்தான் சவுண்டை சரிசெய்கிறார், உங்களுக்கும் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

'கொய்ங்' இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் "தானா சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. அன்றே, முடியாவிட்டால் மறுநாள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. அப்புறம், எங்களிடம் வரும்போது அந்தப் பழைய ஷோக்களின் பட்டியலையும் சொல்லுங்கள். எந்த வருஷம், எவ்வளவு நேரம், ஸ்பீக்கரிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றீர்கள் என்பதுவரை.