பழைய அலுவலகக் கட்டடத்தை இடிக்க முடிவெடுப்பதற்கு முன்

நாற்பது ஆண்டுப் பழைமையான அலுவலகக் கட்டடத்தைப் பார்வையிட என்னை அழைப்பவர்களில் பலர், இடித்துவிடுவது என்று மனத்துக்குள் முடிவெடுத்த பிறகே அழைக்கிறார்கள். மொட்டைமாடியில் நீர்க்கசிவு, பூச்சில் விரிசல், நாள் முழுக்க ஓடியும் குளிராத ஏசி, பிற்பகல் வெயிலுக்குப் பயந்து திரைபோட்டு மூடிய மேற்கு ஜன்னல்கள் என அவர்கள் அடுக்கும் குறைகள் யாவும் உண்மையானவையே. ஆனால் அவற்றில் தூணோ உத்திரமோ அடித்தளமோ அநேகமாக இடம்பெறுவதில்லை. மேலுறையும் இயந்திரங்களும் மூப்படைந்ததற்காக, திடமாக நிற்கும் எலும்புக்கூட்டை நாம் இடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே கட்டமைப்புப் பொறியாளராக என் கவலை.

உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது எரிபொருளிலிருந்து வருவதன்று. சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது என்பதால், எவ்வளவு தூய்மையான எரிபொருளுக்கு மாறினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். பழைய கட்டடம் அந்தக் கணக்கை என்றோ தீர்த்துவிட்டது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் அதே அளவு உமிழ்வு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் காற்றில் கலக்கிறது. புதுக் கட்டடம் மிச்சப்படுத்தும் மின்சாரமோ சிறுகச் சிறுகத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். இடிபாடுகளை நொறுக்கி மறுபடி பயன்படுத்துகிறோமே என்பார்கள். நொறுக்கிய கான்கிரீட் ஜல்லியாகவும் சாலை அடித்தளமாகவும் பயன்படும் என்பது சரிதான், ஆனால் அதிலிருந்த சிமென்ட் சிமென்டாகத் திரும்பி வருவதில்லை.

முடிவுக்கு முன் கட்டடத்தைச் சோதிக்க வேண்டும். இடிப்பதற்கு நாள் குறித்திருந்த ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத் தூணில், கம்பியின் இருப்பிடத்தைக் கருவியால் கண்டறிந்து, அதைத் தொடாமல் விரலளவு கனமுள்ள உருளையாகக் கான்கிரீட்டைத் துளைத்தெடுத்தோம். அதன்மேல், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்ததும், வெளிப்புறத்தில் 12 மில்லிமீட்டர் மட்டும் நிறம் மாறாமல் நிற்க, உட்பகுதி முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறியது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைத் தின்கிறது. நிறம் மாறாத பகுதியின் உள்விளிம்பே அந்த வாயு வந்து சேர்ந்த எல்லை. இந்த ஊடுருவல் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே நகரும். 12 மில்லிமீட்டருக்கு 40 ஆண்டு ஆனதென்றால், சூழல் மாறாதவரை 24 மில்லிமீட்டரை எட்ட மேலும் 120 ஆண்டு ஆகும். அந்தத் தூணில் கம்பி 40 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது.

எல்லாக் கட்டடங்களும் இப்படித் தேறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று படும் இன்னொரு கட்டடத்தில் வெளி உத்திரங்களின் கம்பிகள் பாதியாக இளைத்திருந்தன. அந்தப் பகுதியை அகற்றுமாறு நானே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதற்காக உள்ளிருந்த தூண்களையும் தளங்களையும் தொட வேண்டியிருக்கவில்லை.

காப்பாற்றுவது என்று முடிவான பிறகு வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஏசியை மாற்றுவதுதான் வழக்கம், அது தவறு. வெயிலைத் தடுத்து, கூரைக்கு வெப்பக்காப்பு கொடுத்து, கண்ணாடியைச் சீராக்கிய பிறகு எவ்வளவு குளிர்ச்சி தேவைப்படுகிறது என்று கணக்கிட்டால், இயந்திரத்தின் அளவே குறைந்துவிடும். 1931-இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 ஜன்னல்களையும் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே அமைத்த பட்டறையில் பழைய கண்ணாடிகளைக் கொண்டே மேம்படுத்தி மாட்டினார்கள். இதுபோன்ற பணிகளால் குளிரூட்டும் தேவை குறைந்ததால், ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களைப் புதிதாக வாங்காமல் இருந்தவற்றையே சீரமைக்க முடிந்தது. காற்றுவிசிறிகளிலும் இதே பலன் உண்டு: வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும். பொய்க்கூரைப் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். ஒரு கட்டடத்தில் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் பாதையான டக்டின் இணைப்பு விலகி, குளிர்ந்த காற்றெல்லாம் ஆளில்லாத கூரையிடுக்கில் கொட்டிக்கொண்டிருந்தது, கீழே உட்கார்ந்திருந்தவர்களோ ஆளுக்கொரு மேசைவிசிறி வைத்திருந்தார்கள்.

இடம் போதவில்லை என்ற காரணமும் இடிக்கச் சொல்லும். சிட்னியில் 1976-ஆம் ஆண்டின் கோபுரம் ஒன்று, அதன் தூண், உத்திரம், தளங்களில் சுமார் 65 சதவீதத்தையும் லிஃப்டையும் படிக்கட்டையும் சூழ்ந்த நடுமையச் சுவர்களில் 95 சதவீதத்தையும் வைத்துக்கொண்டே விரிவாக்கப்பட்டு, குவே குவார்ட்டர் டவர் என்ற பெயரில் 2022-இல் நிறைவடைந்தது. பழையதோடு புதியதை ஒட்டுவது எளிதன்று. பழைய கான்கிரீட் சுருங்கி முடித்திருக்கும், புதியது இனிமேல்தான் சுருங்கும்; ஆகவே இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, புதியது ஓரளவு அடங்கிய பிறகே இணைக்க வேண்டும்.

தள உயரம் குறைவு என்பதும் அடிக்கடி சொல்லப்படும் தடை. பெரிய டக்டுகளுக்கு அங்கே இடமில்லைதான். ஆனால் அதே குளிர்ச்சியைக் காற்றைவிட மிகக் குறைந்த கன அளவு நீரே சுமந்து செல்லும் என்பதால், ஒல்லியான குளிர்நீர்க் குழாய்களையும் அறைக்கு அறை சிறு விசிறிப் பெட்டிகளையும் வைத்து, மூச்சுக்கு வேண்டிய புதுக்காற்றுக்கு மட்டும் சிறிய டக்ட் போட்டால் போதும். இளஞ்சிவப்புத் தூண் நின்ற அந்தக் கட்டடத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். துளைத்த இடத்தைச் சுருங்காத சாந்து கொண்டு அடைத்தோம், தூண் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.