ஜி கம்பியில் அந்த ஒரு சுரம் மட்டும் ஏன் அணைந்துபோகிறது?

சென்ற வாரம் திருப்பூரிலிருந்து ஒரு இளைஞர் எழுதியிருந்தார். "முதல் சம்பளத்துல பேஸ் கிட்டார் வாங்கி மூணு வாரமாச்சு அண்ணா. கைக்கு ஒட்டவே மாட்டேங்குது. ஜி கம்பியில 5வது ஃப்ரெட்டை அழுத்தித் தட்டினா மட்டும் சத்தம் உடனே செத்துடுது. பக்கத்து ஃப்ரெட்டெல்லாம் நல்லா இருக்கு. அஷ்டமியில போய் வாங்கினேன், அது ராசியில்லாத சாமான்னு வீட்ல சொல்றாங்க. வித்துடலாமா?"

விற்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் அந்த நான்கு கம்பிக் கிட்டார், உங்கள் பேஸ், உங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அது இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

கைக்கு ஒட்டாததற்கான வழக்கமான காரணங்களை முதலில் பார்த்துவிடலாம். சாதாரண கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 65 செ.மீ.; பேஸில் 86 செ.மீ. நெக் என்ற நீண்ட கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்; முதல் ஃப்ரெட்டின் இடைவெளி மட்டுமே கிட்டத்தட்ட 5 செ.மீ. விரல் விரிந்து பழகச் சில மாதங்கள் ஆகும். நான்கு கம்பிகளும் சேர்ந்து 70, 80 கிலோ எடை தொங்குவது போல நெக்கை இழுக்கின்றன. ஊர் மாறி, ஈரப்பதம் மாறி வந்த மரம் அந்த இழுவையில் சற்று வளையும், கம்பி மேலே எழும்பும், அழுத்தினால் விரல் வலிக்கும். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேலை தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம் போதும். செட்டப் எனப்படும் இந்தச் சீரமைப்பைச் செய்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஆனால் அந்த 5வது ஃப்ரெட்டை எந்தச் செட்டப்பும் சரிசெய்யாது. வாசிப்பவர்கள் அதை 'டெட் ஸ்பாட்' என்பார்கள். திருகி மாட்டிய மர நெக் உள்ள பேஸ்களில், ஜி கம்பியின் 5 முதல் 7வது ஃப்ரெட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் இது இருப்பது மிகச் சாதாரணம். விலை உயர்ந்த பேஸிலும் இருக்கும். என் பேஸிலும் இருந்தது. ஜி கம்பியில் மற்ற சுரங்கள் எட்டு, ஒன்பது எண்ணும் வரை நின்றன. 5வது ஃப்ரெட்டில் வரும் சி என்ற சுரம் மட்டும் இரண்டு எண்ணுவதற்குள் மெலிந்துபோனது. என் விரல்தான் சரியில்லை என்று நினைத்துப் பல நாள் அந்த ஒரு சுரத்தையே அழுத்தி அழுத்திப் பயிற்சி செய்தேன். விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம்.

கம்பியில் நிலை அலை உண்டாவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தட்டியதும் அலை ஒரு முனைக்கு ஓடி, மோதி, திரும்பி, மறுமுனையில் மோதி, மறுபடி திரும்புகிறது. சுரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது, ஒவ்வொரு மோதலிலும் எவ்வளவு ஆற்றல் நழுவுகிறது என்பதைப் பொறுத்தது. கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி உதறிப் பாருங்கள். அலை அப்படியே திரும்பி வரும். அதே முனையை ஒரு குழந்தை கையில் கொடுத்து உதறினால், குழந்தையின் கையும் சேர்ந்து ஆடும், அலை பாதிதான் திரும்பும். அசையாத முனை ஆற்றலைத் திருப்பித் தருகிறது. அசைகிற முனை அதை வாங்கிக்கொள்கிறது.

பேஸில் கம்பியின் ஒரு முனை பிரிட்ஜ். அது கனமான கட்டையில் திருகப்பட்டிருக்கிறது, சுவர் மாதிரி. மறுமுனை நீங்கள் விரலால் அழுத்தும் ஃப்ரெட். அந்த ஃப்ரெட் இருப்பதோ நீண்டு மெலிந்த நெக்கின் மேல். நெக்கின் நுனியில் ட்யூனிங் கீகளின் பாரம் வேறு தொங்குகிறது. மேசை விளிம்பில் ஸ்கேலை நீட்டிப் பிடித்துத் தட்டினால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும் அல்லவா? நெக்குக்கும் அப்படி ஒரு சொந்த ஆட்டம் உண்டு. அது வினாடிக்கு 130 முறை என்று வைத்துக்கொள்வோம். ஜி கம்பியின் 5வது ஃப்ரெட்டில் வரும் சி-யின் அதிர்வெண் 131. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் சுண்டுவிரல் போதும் என்பது போல, கம்பியின் சின்னச் சின்ன இழுப்பெல்லாம் சேர்ந்து அத்தனை கனமான நெக்கை ஆட்டிவிடும். அந்த ஆட்டத்துக்கான ஆற்றல் கம்பியிலிருந்துதான் போகிறது. உங்கள் சுரம் சாகவில்லை, நெக்குக்குள் இறங்கிவிட்டது.

இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் நுனியில் விரலை லேசாக வையுங்கள். 3வது ஃப்ரெட்டில் ஒரு மெல்லிய அதிர்வுதான் தெரியும். 5வது ஃப்ரெட்டில், காதுக்குச் சத்தம் குறையும் அதே நேரத்தில், விரலுக்கடியில் மரம் கிறுகிறுவென்று நடுங்கும். முதல் முறை அதை உணர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காணாமல் போன சுரம் கைக்குக் கிடைத்துவிட்டது!

இன்னும் அழகான பகுதி இனிமேல்தான். அதே சி, டி கம்பியின் 10வது ஃப்ரெட்டிலும் இருக்கிறது. அதே 131 ஹெர்ட்ஸ். அங்கே தட்டினால் என் பேஸில் கணீரென்று நிற்கும். சரி, அப்படியானால் 5வது ஃப்ரெட் இருக்கும் இடம்தான் கோளாறா? அதுவும் இல்லை. அதே 5வது ஃப்ரெட்டை டி கம்பியில் அழுத்தினால் 98 ஹெர்ட்ஸ், எந்தக் குறையும் இல்லாமல் ஒலிக்கும். சுரத்தின் மேலும் தப்பில்லை, இடத்தின் மேலும் தப்பில்லை, இரண்டும் கூடினால்தான் ஆகாது. ஆடும்போது நெக் முழுவதும் ஒரே அளவில் அசைவதில்லை. சில இடங்கள் அதிகம் துள்ளும், சில இடங்கள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதிர்வெண் பொருந்த வேண்டும், அதே சமயம் துள்ளும் இடத்தில் விரலும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆற்றல் நெக்குக்குள் இறங்கும். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற பேராசிரியர் 1990களில் மின் கிட்டார், பேஸ் நெக்குகளின் இந்த அசைவை ஃப்ரெட் ஃப்ரெட்டாக அளந்தார். நெக் எங்கே அதிகம் இணங்கிக் கொடுக்கிறதோ அங்கே சுரம் சீக்கிரம் அணைகிறது என்று காட்டினார்.

வீணையில் இதற்கு நேர் எதிர். கம்பியின் ஆற்றல் குதிரை வழியாகக் குடத்துக்குள் இறங்கினால்தான் நமக்குச் சத்தமே கேட்கும். பேஸில் கம்பியின் அசைவை மின் சைகையாக்கும் பிக்கப்பின் காந்தத்துக்குத் தன் மேல் ஆடும் இரும்புக் கம்பி மட்டும்தான் தெரியும், மரம் எவ்வளவு ஆடினாலும் அது கணக்கில் வராது. அதனால் வீணையில் வரமாக இருப்பது இங்கே இழப்பாகிறது.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு இருக்கிறது. வயலினைப் போன்ற பெரிய கருவியான செல்லோவை வாசிப்பவர்களை ஒரு சுரம் காலங்காலமாகப் படுத்தியது. வில்லை எப்படி இழுத்தாலும் அது ஓநாய் ஊளையிடுவது போலத் தடுமாறும். பெயரே ஓநாய் சுரம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் அதை ஆராய்ந்து 1916இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கம்பியின் அதிர்வெண்ணும் பெட்டியின் அதிர்வெண்ணும் ஒன்றானால், பெட்டி ஆற்றலை மேலும் மேலும் இழுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் வில்லின் அழுத்தம் போதாமல் கம்பி மேல் ஸ்தாயிக்குத் தாவும். பெட்டி அடங்கியதும் பழைய சுரம் திரும்பும். மறுபடியும் அதே சுற்று. உங்கள் டெட் ஸ்பாட்டிலும் கூர்ந்து கேளுங்கள். அடிச்சுரம் போனபின் அதன் மேல் ஸ்தாயி மெல்லியதாக மிஞ்சி நிற்கும். வில் இல்லாததால் ஊளை இல்லை, அவ்வளவுதான்.

அப்போது ராமன் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரி. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வகத்தில் உட்கார்ந்து இதைச் செய்தார். மிருதங்கம், தபலா, வீணை, தம்புரா என்று அடுத்தடுத்து எழுதினார். நூறு வருடம் கழித்தும், நம் ஊரில் ஒரு மாணவர் நாதஸ்வரத்தின் ஒலியியலை ஆராய நிதி கேட்டால் 'இதனால் என்ன பயன்' என்ற கேள்வி முதலில் வந்துவிடக் கூடாது என்பது என் ஆசை. கருவி செய்பவரின் பட்டறையும் இயற்பியல் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதற்குப் பெரிய பணம்கூடத் தேவையில்லை.

அஷ்டமி விஷயம். வீட்டுப் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை, உங்கள் காசு வீணாகிவிடக் கூடாது என்ற பதற்றம் அது. ஆனால் 'ராசியில்லை' என்று சொன்ன நொடியில் தேடல் நின்றுவிடுகிறது. அந்த ஒரு சொல்லோடு நான் நின்றிருந்தால், ஹெட்ஸ்டாக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கவே மாட்டேன். அம்மாவையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வீட்டில் கனமான மர பீரோ இருந்தால் ஹெட்ஸ்டாக்கின் நுனியை அதில் நன்றாக அழுத்திக்கொண்டு வாசியுங்கள். செத்த சுரம் பிழைத்தால் நோய் நெக்கில்தான் என்று உறுதி. அப்புறம் தச்சர்கள் பயன்படுத்தும் சின்னக் கிளாம்ப் ஒன்றை, அடியில் துணி வைத்து, ஹெட்ஸ்டாக்கில் மாட்டுங்கள். பாரம் கூடினால் ஆட்டத்தின் வேகம் குறையும். ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததற்கும் அதிர்வெண்ணில் வித்தியாசம் சுமார் 6 சதவீதம்தான். அதில் பாதி குறைந்தாலே டெட் ஸ்பாட் 5வது ஃப்ரெட்டை விட்டு நகர்ந்து, எந்தச் சுரமும் இல்லாத இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதே கணக்கை மறுபக்கமாகப் போட்டவர்களும் உண்டு. விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ஜெஃப் கூல்ட் 1970களில் கிராஃபைட் நெக் செய்தது, விறைப்பைக் கூட்டி அந்த ஆட்டத்தை மேலே தள்ளும் வழி.

கிளாம்ப் பிடிக்கவில்லை என்றால் அந்த சி வரும்போது டி கம்பியின் 10வது ஃப்ரெட்டுக்குப் போய்விடுங்கள், பல பேஸ் கலைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு மூன்று ஃப்ரெட் சேர்ந்தாற்போல் செத்திருந்தால் மட்டும் கடையில் மாற்றித் தரக் கேளுங்கள்.

என் பேஸில் 200 கிராம் கிளாம்ப் இன்னும் இருக்கிறது. 5வது ஃப்ரெட் இப்போது நன்றாக நிற்கிறது. 4வது ஃப்ரெட்டில் பி-யைத் தட்டிவிட்டு, கமகம் போலக் கம்பியை மெல்ல இழுத்துக்கொண்டே போனால், பி-க்கும் சி-க்கும் நடுவே ஓரிடத்தில் சத்தம் மங்கும். விரலைத் தளர்த்தினால் பி திரும்பி வரும்.