ஷூமான் ஒத்ததிர்வு: ‘புவி அதிர்வலை’ வேண்டாம்

‘புவி அதிர்வலை 40 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது, அதனால்தான் தூக்கம் வருவதில்லை’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓய்வதாக இல்லை. (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அலைவு என்ற கணக்கு.) செய்தி தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘புவி அதிர்வலை’ என்ற பெயரே தப்பு. இப்போது அறிவியல் கட்டுரைகளிலும் அந்தப் பெயர் நுழைகிறது.

ஆங்கில மூலம் ‘ஷூமான் ரெசொனன்ஸ்’. ‘ரெசொனன்ஸ்’, ‘திரும்ப ஒலித்தல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் பெயர், 1952-இல் இந்த மின்காந்த நிகழ்வைக் கணித்துச் சொன்ன ஜெர்மன் இயற்பியலாளர் வின்ஃபிரீட் ஓட்டோ ஷூமானுடையது. சொல் பிறந்த கதை இவ்வளவுதான்.

உலகெங்கும் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள். ஒவ்வொன்றும் மின்காந்த அலைகளைக் கிளப்புகிறது. தரைக்கும், மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்துக்கும் இடையில் சிக்கும் அலைகள் பூமியைச் சுற்றுகின்றன. சுற்றளவு 40,000 கி.மீ.; ஒளியின் வேகத்தில் நொடிக்கு ஏழரைச் சுற்று. ஒரு சுற்று முடிந்து வரும்போது தன் போக்கோடு தானே ஒத்துப்போகிற அலை வலுக்கிறது, மற்றவை தேய்ந்துவிடுகின்றன. ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஒத்த நேரத்தில் தள்ளினால் உயரப் போகிறதே, அதுதான். அப்படி வலுப்பவை ஏறத்தாழ 7.8, 14, 21, 27 ஹெர்ட்ஸில் அமைகின்றன.

ஆக, உயிர்நாடி ‘ஒத்த’ என்பதில் இருக்கிறது. ‘அதிர்வலை’ அதைத்தான் வெட்டி எறிகிறது. போதாக்குறைக்கு முன்னால் ‘புவி’ வேறு. ‘நில அதிர்வு’ என்று நாளிதழில் படித்துப் பழகியவர் இதைப் பூகம்பம் என்றுதானே எடுத்துக்கொள்வார்? இங்கே மண் குலுங்கவில்லை. மின்புலமும் காந்தப்புலமும்தான் மாறி மாறி அலைகின்றன. ‘எதிரொலி’ என்பாரும் உண்டு. இதில் ஒலியே கிடையாது. ‘பூமியின் இதயத்துடிப்பு’ இன்னும் மோசம்: உயிர், உடம்பு, தியானம் என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடுகிறது.

ரஷ்யாவின் தோம்ஸ்க் நகரில் இந்த அலைகளுக்காகப் பதிவாகும் வரைபடத்தைப் பாருங்கள். செங்குத்து அச்சில் அதிர்வெண், 40 ஹெர்ட்ஸ் வரை போகும். அலையின் வலிமையை நிறம் காட்டும். வெள்ளைப் பட்டை மேல்வரை எழுந்தால் அந்நேரம் சமிக்ஞை வலுத்தது என்று பொருள். அதிர்வெண் ஏறியதாக அதைப் படிப்பது பிழை. அயனி மண்டலத்தின் மாற்றங்களால் 7.8 சற்றே நகரும், 40-க்கெல்லாம் தாவாது. பெயரில் ‘ஒத்த’ இருந்திருந்தால் எதோடு ஒக்கிறது என்ற கேள்வியாவது எழுந்திருக்கும். பூமியின் சுற்றளவு மாறாதபோது 7.8 எப்படி 40 ஆகும்?

இலங்கைப் பாடநூல்கள் ‘பரிவு’ என்கின்றன. அழகான, சுருக்கமான சொல். ஒலியும் இல்லை, குலுக்கமும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குப் பரிவு என்றால் இரக்கம். ‘பூமியின் பரிவு’ என்று எழுதினால் அந்த வாட்ஸ்அப் கூட்டத்துக்குக் கொண்டாட்டம்தான்.

என் கட்சி ‘ஒத்ததிர்வு’. அதிலும் அதிர்வு இருக்கிறதே என்றால், ஒளிக்கே ‘அதிர்வெண்’ என்று சொல்லி வருகிறோம். அந்த வழக்கு இயற்பியலில் ஊறிப்போனது. பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, ஆங்கில வரியைப் பார்த்த மாத்திரத்தில் புதுச்சொல் கட்டுகிற அவசரம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் இருப்பதால் ‘ஷூமான் ஒத்ததிர்வுகள்’ என்று பன்மையில் எழுதினால் இன்னும் சரி.