ஐந்து மகரந்தத்தாளா, பத்தா? அசேலியாவின் குடும்பத்தைப் பிரித்தறியும் முறை

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்த் திரும்பும் காரைக்குடி, தேவகோட்டைக் குடும்பங்கள் வர்க்கி, தைலம் ஆகியவற்றோடு ஒரு அசேலியாத் தொட்டியையும் காரில் ஏற்றிவருவது வழக்கமாகிவிட்டது. இலையே தெரியாதபடி பூத்திருக்கும் செடியைப் பார்த்துவிட்டு விட்டுவர மனம் வராது. வீட்டு முகப்பில் ஏற்கெனவே ஒரு அடினியம் நின்றுகொண்டிருக்கும். அதே இளஞ்சிவப்பு, அதே புனல் வடிவப் பூ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வெயில், ஒரே போர்த் தண்ணீர். ஆடி மாதம் வருவதற்குள் அடினியம் அடி பருத்து நிற்கிறது, அசேலியா காய்ந்துபோகிறது.

இரண்டும் வெவ்வேறு குடும்பம் என்பது ஒரு இலையைக் கிள்ளினாலே தெரிந்துவிடும். அடினியத்தில் பால் வரும். அது அரளி, நந்தியாவட்டை வகையறா. அசேலியாவில் பால் வராது. அது எரிகேசியே குடும்பம். ஏறத்தாழ 125 பேரினங்களும் 4,000-க்கு மேற்பட்ட சிற்றினங்களும் கொண்ட பெரிய குடும்பம் அது. ரோடோடென்ட்ரான், புளூபெர்ரி, ஐரோப்பியத் தரிசுகளை ஊதா நிறமாக்கும் ஹெதர் எல்லாம் இதில் அடக்கம். செட்டிநாட்டுச் சமவெளியில் இக்குடும்பத்துச் செடி ஒன்றுகூடத் தானாக முளைப்பதில்லை. ஆகவே கையில் கிடைத்திருக்கும் தொட்டியை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம்.

வாடத் தொடங்கிய ஒரு பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நகைப் பத்தர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் போதும். புனலின் ஒரு பக்கத்தை நகத்தால் கீறி விரித்தால் மகரந்தத்தாள்கள் அடியிலிருந்து நீண்டு நிற்பது தெரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் உள்ள மகரந்தப்பையை லென்ஸில் பாருங்கள். செம்பருத்தியிலும் ஊமத்தையிலும் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து திறக்கும். இங்கே பிளவு கிடையாது. உச்சியில் இரண்டு துளைகள் மட்டும் இருக்கும், மிளகுத்தூள் டப்பாவின் மூடியைப் போல. இந்தத் துளைகள் உண்மையில் மகரந்தப்பையின் அடிப்பக்கம். மொட்டு வளரும்போதே பை தலைகீழாகத் திரும்பிக்கொள்வதால் அடி மேலே வந்துவிடுகிறது. இந்தத் திருப்பம் எரிகேசியே குடும்பத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று.

ஒரு ஊசி நுனியால் அந்தத் துளையைத் தொட்டு மெல்ல இழுத்தால் மகரந்தம் தூளாக உதிராது, நூல் பிடித்ததுபோல் சேர்ந்து வரும். மகரந்தத் துகள்கள் நான்கு நான்காக ஒட்டியே இருக்கும். ரோடோடென்ட்ரான் பேரினத்தில் அந்த நான்கின் கூட்டங்களையும் பிசுபிசுப்பான இழைகள் கோத்து வைத்திருக்கின்றன. ஒரு தேனீ ஒருமுறை வந்து போனாலே நிறைய விதைக்குத் தேவையான மகரந்தம் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி தாள்களை எண்ணுங்கள். வகைப்பாட்டின் 250 ஆண்டுக் குழப்பம் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்கியது.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் செடிகளை மகரந்தத்தாள் எண்ணிக்கையை வைத்து வகுத்தார். ஐந்து தாள் இருந்தால் அசேலியா, பத்து இருந்தால் ரோடோடென்ட்ரான் என்று இரண்டு தனிப் பேரினங்கள். எட்டுத் தாள் கொண்ட எரிகா இன்னொரு வகுப்புக்குப் போனது. எண்ணத் தெரிந்த எவரும் செடியை அடையாளம் காணலாம் என்பது இந்த முறையின் பெரும் வசதி. ஆனால் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டதால் உறவினர்கள் பிரிந்துபோனார்கள். தொட்டியில் விற்கும் அசேலியாவின் மூதாதையான ரோடோடென்ட்ரான் சிம்சியை எண்ணினால் எட்டு முதல் பத்துத் தாள் வரை வரும். லின்னேயஸ் கணக்குப்படி அது அசேலியாவே ஆகாது. ஆசிய இனங்கள் ஒவ்வொன்றாக ஐரோப்பாவுக்கு வந்து சேரச் சேர, ஐந்து–பத்து என்ற எல்லை நிற்கவில்லை. 1834-இல் தாவரவியலாளர் ஜார்ஜ் டான் இரண்டையும் ஒரே பேரினமாக்கினார். அன்றிலிருந்து தாவரவியலில் அசேலியா என்ற பேரினம் இல்லை, எல்லாம் ரோடோடென்ட்ரான். பூந்தோட்டக்காரர்களின் பேச்சிலும் விலைச்சீட்டிலும் மட்டும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. கடைகளில் 'இந்தியன் அசேலியா' என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம், சிம்சியின் தாயகம் சீனாவும் அதன் அண்டைப் பகுதிகளும்.

ஏறத்தாழ 1,000 சிற்றினங்கள் கொண்ட இந்த ஒரே பேரினத்தை உள்ளே எப்படிப் பிரிப்பது? இலையைத் திருப்பிப் பார்ப்பது முதல் வேலை. சில இனங்களில் இலையின் அடிப்புறம் முழுக்க வட்டமான நுண்செதில்கள் புள்ளி புள்ளியாக இருக்கும். வெறும் கண்ணுக்குப் பொன்னிறத் தூசி ஒட்டியதுபோலத் தெரியும், லென்ஸில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இவை ரோடோடென்ட்ரான் என்ற அதே பெயருள்ள துணைப்பேரினம், மொத்தப் பேரினத்தில் ஏறத்தாழ பாதி. மலேசியா, இந்தோனேசியா மலைகளில் வளரும் வைரேயா என்ற வெப்பமண்டல வகைகள் 300-ம் இதில் சேரும். செதில் இல்லாத, பெரிய தோல்போன்ற இலைகளும் கொத்துப் பூக்களும் கொண்டவை ஹைமனாந்தஸ் துணைப்பேரினம்.

இந்தச் செதில் வேறுபாடு வெறும் அலங்காரமாக இருக்கலாமே என்று தோன்றலாம். கலப்பினம் உருவாக்குபவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். செதில் உள்ளதையும் இல்லாததையும் கலந்தால் பெரும்பாலும் விதையே பிடிக்காது. பிடித்தாலும் நாற்று நிற்பது அபூர்வம். வெளியே தெரியும் ஒரு சிறு புள்ளி, உள்ளே நெடுங்காலம் முன்பே பிரிந்த இரண்டு வழிகளைக் காட்டிக்கொடுக்கிறது. மகரந்தத்தாள் எண்ணிக்கையில் கிடைக்காத நம்பகம் செதிலில் கிடைக்கிறது. எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பதே வகைப்பாட்டியலில் கடினமான வேலை, அதை முன்கூட்டியே சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை.

மொட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஹைமனாந்தஸில் கிளை நுனி மொட்டு பூவுக்கு மட்டுமே. புது இலைத்தளிர் அதற்குக் கீழே பக்க மொட்டுகளிலிருந்து வரும். தொட்டி அசேலியாவில் பூவும் தளிரும் ஒரே நுனி மொட்டுக்குள்ளிருந்து வெளிப்படும். அதன் இளங்கிளையைத் தடவிப் பாருங்கள்: தட்டையான பழுப்பு முடிகள் கிளையோடு படிந்து கிடக்கும். இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்தால் அது சுட்சுசி என்ற பிரிவு. கத்தரிக்கும் காலத்தையும் இதுவே முடிவுசெய்கிறது: பூ உதிர்ந்த உடனே நுனியைக் கிள்ளலாம், மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் அடுத்த பூமொட்டையே வெட்டிவிடுவோம்.

2005-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இந்தப் பேரினத்தை ஐந்து துணைப்பேரினங்களாகச் சுருக்கியது. அதில் தோட்டக்காரர்களுக்கு அதிர்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. பசுமை மாறாத அசேலியாக்கள் அசேலியாஸ்ட்ரம் என்ற துணைப்பேரினத்தில் விழுந்தன. குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மஞ்சள், ஆரஞ்சு அசேலியாக்களோ பெரிய இலை ஹைமனாந்தஸோடு போய்ச் சேர்ந்தன. ஆக, அசேலியா என்று நாம் அழைக்கும் கூட்டம் ஒரே மூதாதையிலிருந்து வந்த தனிக் கிளையாக நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1990-இல், லீடம் என்று தனிப் பேரினமாக இருந்த வடதுருவப் புதர்களும் ரோடோடென்ட்ரானுக்குள் வந்துவிட்டன.

நம் மலைகளில் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் ஒன்றே. நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் வளரும் காட்டுப்பூவரசு. ரத்தச் சிவப்புக் கொத்து, பத்துத் தாள், செதில் இல்லாத இலை, அடிப்புறம் பஞ்சுபோன்ற பழுப்பு ரோமம். ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்ற சிற்றினத்தின் நீலகிரித் துணையினம் அது. அதே சிற்றினம் இமயமலையில் நிறைந்திருக்கிறது. இடைப்பட்ட 2,000 கிலோமீட்டர் சமவெளியில் ஒரு செடிகூட இல்லை. முற்காலக் குளிர்ப் பருவங்களில் தொடர்ச்சியாகப் பரவியிருந்து, வெப்பம் கூடியபோது மலையுச்சிகளில் மட்டும் ஒதுங்கியது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இலங்கையில் நுவரெலியாப் பக்கம் வளர்வது இன்னொரு துணையினம். அதன் இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே புடைத்துச் சுருக்கம் விழுந்திருக்கும்.

பேரினத்தை விட்டு வெளியே வந்தால் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் வரும் புளூபெர்ரியை எடுத்துப் பாருங்கள். காம்புக்கு எதிர்ப்புறத்தில் ஐந்து மடல் கிரீடம் இருக்கும், அதுதான் பூவின் புல்லிவட்டம். கொய்யாவிலும் அப்படியே. தக்காளியிலும் கத்தரிக்காயிலும் அந்தப் புல்லிவட்டம் காம்புப் பக்கத்தில் இருக்கும். புல்லிவட்டம் காய்க்கு மேலே நின்றால், காயாக மாறும் சூற்பை கீழ்மட்டம். காய்க்கு அடியில் இருந்தால் மேல்மட்டம். புளூபெர்ரி அடங்கிய வேக்சினியம் பேரினம் கீழ்மட்டம், ரோடோடென்ட்ரான் மேல்மட்டம். இதை முன்னிட்டே, நம் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கும் பெந்தம்–ஹூக்கர் முறை (1862–1883) வேக்சினியத்தைத் தனிக் குடும்பமாக வைத்தது. துளையுள்ள மகரந்தப்பை, நான்காக ஒட்டிய துகள், கடைசியில் டி.என்.ஏ. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததால் இப்போது இரண்டும் ஒரே குடும்பம்.

ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்பது இதே குடும்பத்துக் கோல்தீரியா என்ற மலைப்புதரின் இலையிலிருந்து வடிப்பது. இலையைக் கசக்கினால் வலி நிவாரணக் களிம்பின் வாசனை வரும், இரண்டிலும் இருப்பது மெத்தில் சாலிசிலேட். கோல்தீரியாவின் கருநீலப் 'பழத்தில்' சதையாக இருப்பது புல்லிவட்டம். உண்மையான காய் அதற்குள் சிறு வெடிகனியாக இருக்கும். இந்தத் தைலத்தைக் குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஹெதரும் ஹீத்தும் நம் ஊரில் படத்தில் மட்டும் காண்பவை. கலூனா என்ற ஹெதரில் புல்லி இதழ்களே நிறமேறி அல்லியைவிட நீண்டிருக்கும், குட்டி இலைகள் எதிரெதிராக நான்கு வரிசையில் நெருங்கி நிற்கும். எரிகா என்ற ஹீத்தில் அல்லிக் குடுவை பெரியது, இலைகள் ஒரே கணுவில் மூன்று நான்காகச் சுற்றி நிற்கும்.

செட்டிநாட்டில் எரிகேசியே இல்லையே தவிர, அதன் பங்காளிகள் நிறைய உண்டு. குடும்பத்துக்கு மேலே உள்ள எரிகேல்ஸ் வரிசையில் இலுப்பை, மகிழம், சப்போட்டா, உலக்கைப்பாலை, கருங்காலி, தேயிலை, நாகலிங்கம், காசித்தும்பை எல்லாமே இன்று ஒன்றாக இருக்கின்றன. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இருக்கும் இலுப்பைக்குடியின் பெயரே இந்த வரிசை மரத்தின் பெயர். பெந்தம்–ஹூக்கர் முறையில் காசித்தும்பையும் நாகலிங்கமும் தேயிலையும் இலுப்பையும் வெவ்வேறு கிளைகளில் எங்கெங்கோ கிடந்தன. 1998-இல் டி.என்.ஏ. அடிப்படையில் வந்த, பூக்கும் தாவரங்களுக்கான ஏ.பி.ஜி. வகைப்பாடு இவற்றை ஒரே வரிசையில் கொண்டுவந்தது. பூவைப் பார்த்து இந்த உறவை ஊகிப்பது கடினம்: மகிழம்பூவில் மகரந்தம் தரும் தாள் எட்டு, நாகலிங்கத்தில் நூற்றுக்கணக்கில், இலுப்பையில் பால் வேறு. வரிசை என்ற மட்டத்தில் வெளித்தோற்றம் நம்மை எளிதில் ஏமாற்றும். குடும்ப மட்டத்தில் அந்த இரண்டு துளைகள் இன்றும் நல்ல துணை.

குடும்பம் தெரிந்தால் தொட்டி ஏன் சாகிறது என்பதும் தெரியும். எரிகேசியே செடிகளின் வேர் முடியைவிட மெல்லியது, வேர்த்தூவிகள் கிடையாது. அந்த வேலையை வேர்ச் செல்லுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை செய்கிறது. அமில மண்ணில், மக்கிய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருவது அதுதான். மண்ணின் அமில–கார அளவான பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. செட்டிநாட்டுச் செம்மண் சில இடங்களில் லேசான அமிலமாகவே இருக்கும், தொல்லை தருவது ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர். அதிலுள்ள பைகார்பனேட் தொட்டி மண்ணின் பி.எச்.-ஐ வாரத்துக்கு வாரம் ஏற்றும். 7-ஐத் தாண்டினால் இரும்பு மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் இதுதான். அந்த நேரத்தில் அடுப்புச் சாம்பல் போடுவது நோயை இரட்டிப்பாக்கும், சாம்பல் காரம். வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து ஊற்றுங்கள். இரும்புச்சத்து வாங்கினால் இ.டி.டி.எச்.ஏ. வகை வாங்க வேண்டும், இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் வேலை செய்யாது.

வெப்பத்துக்கு மருந்து இல்லை. சிம்சி வகை அசேலியாவின் மொட்டு விரிய, 10 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 6 வாரக் குளிர் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயராத காரைக்குடியில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் வராது. கடையில் வாங்கியபோது இருந்த பூ மலையிலேயே குளிர் முடித்து வந்தது. செடியைக் காப்பாற்றினாலும் அதே போலப் பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வையுங்கள். இலை, பூ, தேன் மூன்றிலும் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் வாயில்களை மூடவிடாது, நாடித்துடிப்பு இறங்கும். இட்லிப்பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சிப் பழகிய பிள்ளைகளிடம் இந்தப் பூவை உறிஞ்சக் கூடாது என்று சொல்லிவைக்க வேண்டும்.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து சாய்த்து எடுத்து வேரைப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் இறுக்கமாக இருந்தால் வேர் உயிரோடு இருக்கிறது. நிழலில் வைத்து மண்ணை ஆறவிடலாம். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் அது ஃபைட்டோப்தோரா வேரழுகல். சூடான, தேங்கிய ஈரத்தில் வேகமாகப் பரவும். அந்தச் செடி தேறாது. அதன் மண்ணை வேறு தொட்டியில் போட வேண்டாம், தொட்டியையும் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி எடுங்கள்.